விழுவதற்கு ஓர் இடம்

“நன்னா, தெருவில் விழக்கூடாது என்கிறீர்கள் நீங்கள். வீட்டில் விழக்கூடாது என்கிறார் அத்தா. பள்ளிக்கூடத்தில் விழக்கூடாது என்கிறார் டீச்சர். அப்படியானால் நான் எங்கே போய் விழட்டும்?”

மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்த நம் பேத்தி, ஒருநாள் அஸர்த் தொழுகை முடித்து வந்த நம்மிடம் கேட்ட கேள்வி இது. அவளுக்கு வயது ஒன்பது. முப்பது ஆண்டுகளாக அரபு இலக்கணமும் தமிழ் இலக்கியமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வரும் நமக்கு, விடை தெரியாத கேள்விகள் புதியவை அல்ல. நூலைப் புரட்டி மறுநாள் விடை சொல்லியிருக்கிறோம். இந்தக் கேள்விக்கு எந்த நூலைப் புரட்டுவது என்றே அன்று நமக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். அவள் படிக்கும் பள்ளியில் மாலை வேளையில் ஸ்கேட்டிங் கற்றுக் கொடுத்தார்கள். காலணியின் அடியில் நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் பூட்டியிருக்கும். அதை மாட்டிக் கொண்டு ஒரு காலால் தள்ளி மறு காலால் வழுக்கிச் செல்வது அந்த விளையாட்டு. ஆறு மாதம் சென்றது. பள்ளித் திடலில் புதுக் கட்டடம் எழும்பத் தொடங்கவே வகுப்பு நின்றுவிட்டது. சக்கரக் காலணி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையும் சக்கரக் காலணியும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டும் தெருவுக்குத்தானே வரும்? எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்கு விலகி, நிலை தடுமாறி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு விரிந்துவிட்டது. “இத்தோடு போயிற்று, இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள்” என்றார் மருத்துவர். நன்றி சொன்னோம். காலணியை எடுத்துப் பரண்மேல் வைத்தோம். கேள்வியைப் பரண்மேல் வைக்க முடியவில்லை.

காஞ்சிபுரத்துத் தெருக்களைப் பார்த்து வெளியூர் அன்பர்கள் வியப்பதுண்டு. ராஜ வீதிகள் தேர் ஓடும் அகலம் கொண்டவை. நெசவாளர் தெருக்களோ பாவு விரிக்க வாகாக நீண்டு கிடப்பவை. நம் இளமையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு பாவு விரித்திருக்கும். மூன்று சேலைக்கு உரிய பாவு ஐம்பது அடிக்கு மேல் நீளும். இரு முனையிலும் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, ஆணும் பெண்ணுமாக வேலை செய்வார்கள். சைக்கிளில் வருபவர் தாமே இறங்கி, தள்ளிக் கொண்டு சுற்றிப் போவார். யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டிழைக்குத் தெரு வழிவிட்ட காலம் அது. வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டு போவார்கள். அதன்பின் மாலைவரை தெரு பிள்ளைகளுக்குச் சொந்தம்.

ஒலிமுகமதுபேட்டையிலிருந்து நாமும் நம் வயதுப் பிள்ளைகளும் அங்கே ஓடுவோம். கோலி, பம்பரம், கில்லி எல்லாம் உண்டு. இவற்றுக்கெல்லாம் அரசு பேரிங் வண்டி. லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கி வந்து, முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகப் பலகையில் பூட்டுவோம். ஒருவன் அமர்வான். இருவர் முதுகில் கைவைத்துத் தள்ளுவர். கரகரவென்று அது எழுப்பும் ஓசை தெருக்கோடிவரை கேட்கும். எத்தனையோ முறை விழுந்தோம். முழங்கால் தோல் உரிந்தது. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த அம்மா ஒருத்தி தேங்காய் எண்ணெய் தடவி, “போடா, போ” என்று அனுப்பி வைத்தார். நாம் எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்டதில்லை.

பின்னாளில் பத்துப்பாட்டைப் பாடம் கேட்ட பொழுது, கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடம் நம்மை நிறுத்தியது. தச்சர் வீட்டுச் சிறுவர்கள் பார்த்தவர் ஆசைப்படும்படி ஒரு பொம்மைத் தேர் செய்திருக்கிறார்கள். குழந்தைகள் அதனை உருட்டித் திரிகிறார்கள். உருட்டிக் களைத்தவர்களைச் செவிலியர் தழுவிக் கொள்ள, பால் அருந்திப் படுக்கையில் உறங்குகிறார்கள். ஏறிச் செல்ல முடியாத தேர் என்று புலவர் அதனை நயமாகச் சுட்டுகிறார். அதே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் கடற்கரைச் சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரையும் காட்டுகிறார். கோழியை ஓட்ட மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறித்ததாம். மூன்று சக்கரம்! நம் பேரிங் வண்டியேதான் என்று அன்று வகுப்பிலேயே சிரித்துவிட்டோம். ஆசிரியர் முறைத்தார்.

சக்கரத்தின்மேல் பிள்ளைக்கு உள்ள ஆசை பழையது என்று சொல்லவே இதனை எழுதுகிறோம். ஸ்கேட்டிங் மேல்நாட்டிலிருந்து வந்ததென்பது மெய்தான். நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்டன் 1863இல் வளைந்து திரும்பக்கூடிய நான்கு சக்கரக் காலணியை அமைத்த பிறகே அது பரவலாயிற்று. ஆனால் ஆசை இங்கேயே விளைந்தது. உருத்திரங்கண்ணனார் கண்ட பிள்ளைகளால் தேரில் ஏற இயலவில்லை. நம் பேத்தி ஏறிவிட்டாள். மாறியது அவ்வளவே.

மாறியது அவ்வளவேயா? இல்லை. தெருவும் மாறிவிட்டது. இன்று அந்தத் தெருக்களில் இருபுறமும் வண்டிகள் நிற்கின்றன. நடுவிலும் வண்டிகள் ஓடுகின்றன. பட்டுச்சேலை வாங்க வெளியூர்களிலிருந்து கார்கள் வருகின்றன. அவற்றைக் குறை கூறவில்லை. ஊரின் பிழைப்பே அவற்றில் இருக்கிறது. பாவு தெருவிலிருந்து குறைந்தபோது வேறிடம் தேடிக் கொண்டது. பிள்ளைகளுக்கு வேறிடம் தேட யாரும் நினைக்கவில்லை. நாமும் நினைக்கவில்லை.

இவ்விடத்தில் நம் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். அரபு மொழியில் விளையாட்டுக்கு ‘லஇப்’ என்று பெயர். குர்ஆனின் சொற்களுக்கு அகராதி செய்த இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி, இச்சொல்லின் வேர் ‘லுஆப்’ என்பார். லுஆப் என்றால் வாயில் ஊறும் உமிழ்நீர். ஒரு நோக்கமும் இன்றி உமிழ்நீர் வழிவதுபோல, நோக்கமின்றிச் செய்யும் செயல் விளையாட்டு என்பது அவர் தரும் விளக்கம். இளம் ஆசிரியராக இருந்தபோது இதனை வகுப்பில் எடுத்துச் சொல்லி, “பார்த்தீர்களா, விளையாட்டின் மதிப்பு அவ்வளவுதான்” என்று பிள்ளைகளை அடக்கி இருக்கிறோம். உமிழ்நீர் ஊறாவிட்டால் உண்ட சோறு செரிக்குமா என்று ஒரு மாணவனும் அன்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம் திருந்தி இருப்போம்.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி, இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுமிடத்தில், ஓதிவிட்டு வந்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்கிறார். பாடத்தின் களைப்பு அதனால் தீர வேண்டும் என்றும், விளையாட விடாமல் எந்நேரமும் படிப்பிலேயே வருத்தினால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, படிப்பிலிருந்து தப்பிக்கப் பிள்ளை தந்திரம் தேடும் என்றும் எச்சரிக்கிறார். 1111இல் மறைந்தவர் அவர். ஒன்பது நூற்றாண்டுகளாக அந்நூல் நம் அலமாரிகளில் இருக்கிறது. நாம் ஓதியதும் உண்டு. அந்தப் பக்கத்தைக் கடந்து போனோம், அதில் நிற்கவில்லை.

மாவுக்கட்டு பிரித்த பின், பேத்திக்கு இடம் தேடப் புறப்பட்டோம். முதலில் ஊருக்குள் தேடினோம். மாலையில் சில பள்ளிகளின் முற்றங்களில் பயிற்சி நடக்கிறது. அப்பள்ளிகளின் பிள்ளைகளுக்கே அங்கு இடம் காணவில்லை. திருமண மண்டபம் ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் சிறுவர்கள் சுற்றிக் கொண்டிருந்தார்கள்; முகூர்த்த நாளில் அதுவும் இராது. பிள்ளை தானே நடந்து போய்ச் சேரும் தொலைவில், எல்லாருக்கும் திறந்திருக்கும் திடல் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. சென்னை ஷெனாய் நகரில் ஒரு ஸ்கேட்டிங் திடல் உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார். பள்ளி நாளில் காஞ்சியிலிருந்து அங்கே போய் வருவது நடக்கிற காரியமா?

தேடும் பொழுதுதான் சில செய்திகள் நம் காதில் விழுந்தன. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் என்ற இளைஞர் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் உலகத் தங்கம் கண்ட முதல் இந்தியர் அவரே. அதற்கு முன் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆடவர் அணியும் மகளிர் அணியும் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் பெற்றன. ஆடவர் அணியில் அவரும் இருந்தார். தமிழ்நாட்டில் இத்தனை நடந்திருக்க, மத்ரஸாவின் நான்கு சுவர்களுக்குள் இருந்த நமக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

கோவளத்தில் ஸ்கேட்டிங் திடல் இருக்கிறது என்று நம் மகன் சொன்னதும் நாம் நிமிர்ந்தோம். கோவளம் தமிழ் முஸ்லிம்களுக்கு அறிமுகம் தேவையில்லாத ஊர். ஸஹாபி தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அங்கே அடங்கி இருப்பதாக நம்பி, ஆண்டாண்டு காலமாக மக்கள் ஜியாரத்துக்குச் செல்கிறார்கள். நாமும் சென்றிருக்கிறோம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை கோவளமும் மாமல்லபுரமும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தையே சேர்ந்தவை. அந்தக் கடற்கரையில் மீனவ இளைஞர்கள் அலைமேல் பலகை ஏறிச் சறுக்கக் கற்று, பெயரும் பெற்றிருக்கிறார்கள். கடலில் பலகை ஏறியவர்கள் தரையில் சக்கரப் பலகை ஏறியதில் வியப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தியையும் அவள் தம்பியையும் அழைத்துக் கொண்டு செங்கல்பட்டு வழியாகப் பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். ஜியாரத் முடித்து, திடலைத் தேடிப் போனோம். தட்டையான ஒரு தளத்தை எதிர்பார்த்துச் சென்ற நாம் கண்டது வேறு. வழவழப்பாகப் பூசிய கான்கிரீட், குளத்துச் சரிவுபோல் இறங்கி, அடியில் சமமாகி, எதிர்ப்புறம் மீண்டும் ஏறுகிறது. மேல் விளிம்பில் இரும்புக் குழாய் பதித்திருக்கிறது. சிறுவன் ஒருவன் பலகையோடு இறங்கினான், எதிர்ச்சுவரில் ஏறினான், உச்சியில் ஒரு கணம் நின்றான், திரும்பினான். நம் வயிறு கலங்கிற்று. பேத்தியின் கண்கள் விரிந்தன.

இந்தக் கிண்ண வடிவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950களில் அலைச்சறுக்கு இளைஞர்கள், கடலில் அலை இல்லாத நாட்களில் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் ஓடினார்கள். 1970களில் பாலியூரித்தேன் என்னும் பொருளாலான சக்கரம் வந்தது. அது தரையைப் பற்றிக் கொண்டு ஓடிற்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் அங்கே கொடும் பஞ்சம். வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. இளைஞர்கள் அந்த வெற்றுக் குளங்களில் இறங்கிச் சறுக்கினார்கள். வற்றிய குளத்தின் வடிவமே பிற்காலத்துத் திடல்களுக்கு இலக்கணமாயிற்று. அங்கும் முதலில் திடல் இல்லை. கிடைத்த இடத்தைப் பிள்ளைகள் பிடித்துக் கொண்டார்கள். பெரியவர்கள் பிறகே கட்டிக் கொடுத்தார்கள்.

திடலில் பயிற்சி கொடுத்துக் கொண்டிருந்த இளைஞர் பேத்தியைக் கூப்பிட்டார். தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் காப்பு அணிவித்தார். தலைத்துணி மேலேயே கவசம் பொருந்திற்று. பிறகு அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடத்தைக் கேட்டு நாம் வியந்தோம். ஓடக் கற்றுக் கொடுக்கவில்லை. விழக் கற்றுக் கொடுத்தார். “பாப்பா, விழும்போது கையை நீட்டி ஊன்றாதே. மணிக்கட்டு போய்விடும். முழங்காலை மடக்கி, காப்பு தரையில் தேயும்படி முன்னால் சரி. பின்னால் விழாதே.” பத்து முறை வேண்டுமென்றே விழச் செய்தார். பதினோராம் முறை அவள் சிரித்துக் கொண்டே விழுந்தாள்.

நாம் முப்பது ஆண்டுகளாக ‘நஹ்வு’ கற்பிக்கிறோம். ஒரு பிள்ளை இஃராபில் தவறினால், அந்தத் தவற்றை அஞ்சாமல் செய்ய என்றைக்காவது இடம் கொடுத்தோமா என்று அந்தச் சரிவின் ஓரத்தில் நின்று எண்ணினோம். தவறிய பிள்ளை நம் முகத்தைப் பார்த்து மறுமுறை வாயே திறக்காமல் போனதுதான் பல வேளைகளில் நடந்தது. விழக் கற்றுக் கொடுப்பதும் ஆசிரியனின் வேலை என்பதை, நம் மகனினும் இளையவர் ஒருவரிடம் அன்று கற்றோம்.

மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த கமலி மூர்த்தியின் கதையை அன்று அங்கேதான் கேட்டோம். மிகச் சிறு வயதில் சக்கரப் பலகை ஏறியவர் அவர். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாமல் அவரை விளையாட விட்ட தாயின் துணிவையும் சேர்த்து, ‘கமலி’ என்ற பெயரில் ஒரு குறும்படம் 2019இல் வந்தது. 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குக் குறும்படப் பிரிவில் அது பரிந்துரை பெற்றது. அவ்வாண்டு அந்தப் பிரிவில் விருதை வென்றதும் பெண் குழந்தைகளின் ஸ்கேட்டிங் பற்றிய படமே. அது காபூல் நகரத்துப் படம். ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது.

காபூல் என்றதும் நம் நெஞ்சம் அங்கே போயிற்று. ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் 2007இல் சக்கரப் பலகைகளோடு காபூலுக்குச் சென்றார். தெருப் பிள்ளைகள் சூழ்ந்து கொண்டார்கள். அதிலிருந்து ‘ஸ்கேட்டிஸ்தான்’ என்ற அமைப்பு பிறந்தது. 2009இல் கூரையுள்ள திடல் திறந்தார்கள். பக்கத்திலேயே வகுப்பறையும் வைத்தார்கள். விளையாட வந்த பிள்ளை படிப்பும் கற்றது. பெண் குழந்தைகளுக்குத் தனி நாள். பெண் ஆசிரியைகளே கற்பித்தார்கள். மிதிவண்டி ஓட்டுவதற்குக் கூடப் பெண்ணைப் பேசிய ஊரில், சக்கரப் பலகை இன்னதென்று யாருக்கும் தெரியாததால் அதற்குத் தடை சொல்லவும் யாரும் முந்தவில்லை. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியது. அங்கே பணிகள் நிறுத்தப்பட்டன. அந்தச் சிறுமியரில் ஒருத்தியின் கேள்வியும் நம் பேத்தியின் கேள்வியாகத்தானே இருந்திருக்கும்?

நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் என்ற சிற்றூரில் 2015இல் ஒரு திடல் எழுந்தது. உல்ரிக்கே ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி அதனை அமைத்தார். அங்கே இரண்டே சட்டங்கள். பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் விழுந்து எழுந்தார்கள். பெரியவர்கள் தனித்தனியே வாழ்ந்த ஊர் அது.

‘பெண் பிள்ளைக்கு எதற்கு இது?’ என்று நம்மிடமும் கேட்டார்கள். உறவினர் கேட்டனர், ஒரு கட்டத்தில் நம் மகனே கேட்டான். அவனுக்கு நாம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை எடுத்துக் காட்டினோம். பெருநாள் அன்று அபிசீனியர் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னையாரைத் தம் பின்னே நிறுத்திப் பார்க்கச் செய்தார்கள். அன்னையார் தாமே சலித்து விலகும்வரை பெருமானார் நின்று கொண்டிருந்தார்கள். விளையாட்டில் விருப்பமுள்ள இளம்பெண்ணின் மனத்தை மதியுங்கள் என்று அன்னையார் பின்னர்ச் சொன்னார்கள் என்பது புகாரியில் உள்ளது. இருவரும் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் முந்தியதும், பின்னொரு நாள் நாயகம் (ஸல்) முந்தி ‘அதற்கு இது சரி’ எனச் சொன்னதும் அபூதாவூதில் உள்ளன. மகன் வாதாடவில்லை. “அடிபட்டால்?” என்று மட்டும் கேட்டான். அது சட்டம் கேட்ட கேள்வி அன்று. தந்தை கேட்ட கேள்வி. அதற்கு நூலிலிருந்து விடை சொல்ல முடியாது. நல்ல இடத்தைக் காட்டித்தான் சொல்ல முடியும்.

நல்ல இடம் எது? கோவளத்திலும் பிறவிடங்களிலும் கண்டும் கேட்டும் அறிந்ததைப் பெற்றோருக்காக எழுதி வைக்கிறோம். தரையை முதலில் பாருங்கள். விரிசலும் மணலும் சிறு கல்லும் சக்கரத்துக்குப் பகை. ஒரு மிளகளவு கல் போதும், பிள்ளை குப்புற விழும். கரடான தரையில் மென்மையான சக்கரமும் வழவழப்பான தளத்தில் கடினமான சக்கரமும் உதவும். மழைநீர் தேங்காமல் வடியும் வாட்டம் இருக்க வேண்டும். ஈரத்தில் ஒருபோதும் விடலாகாது. கற்றுக் கொள்ளும் சிறாருக்குத் தட்டையான தனிப்பகுதி வேண்டும். வேகமாக ஓடும் பெரிய பிள்ளைகள் அதன் குறுக்கே வரலாகாது. வாகனங்களுக்கும் திடலுக்கும் இடையே தடுப்பு வேண்டும். காலணிச் சக்கரத்துக்குத் தட்டைத் தளம் போதும். பலகைக்கே சரிவுகள் தேவை என்பதும் அறிந்திருக்கத் தக்கது. தாய்மார் அமர நிழலும், குடிநீரும், கழிப்பிடமும் உள்ள இடத்துக்கே குடும்பங்கள் மறுபடி வரும். இவை இல்லாத இடம் இளைஞர்களின் இடமாக மட்டுமே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை வாரத்தில் மூன்று நாளாவது போய்வரும் தொலைவில் அது இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போகும் திடல் ஜியாரத்துக்கு ஒப்பாகுமே தவிர, விளையாட்டுக்கு ஒப்பாகாது.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் கோவளம் தோற்றது. திரும்பும் பேருந்தில் பேத்தி நம் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். பெரும்பாணாற்றுப்படைப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். தேர் உருட்டிய களைப்பு! வெளியே இருட்டிக் கொண்டு வந்தது. அப்பொழுது, அரபு இலக்கணத்தில் நாம் ஆயிரம் முறை கற்பித்த ஒரு பாடம் சட்டென்று உள்ளத்தில் எழுந்தது. வினைச்சொல்லின் முன் ஒரு ‘ம’ சேர்த்தால் அவ்வினை நிகழும் இடத்தின் பெயர் கிடைக்கும். ஸஜ்தா செய்யும் இடம் மஸ்ஜித். பாடம் ஓதும் இடம் மத்ரஸா. விளையாடும் இடம் மல்அப். மூன்றும் ஒரே இலக்கணத்தில் பிறந்த உடன்பிறப்புகள். அவற்றில் இரண்டை ஊர் தோறும் கட்டினோம், மூன்றாவதை மறந்தோம்.

மறந்தோம் என்பதும் சரியன்று. பூட்டினோம். நாம் பணிபுரியும் மத்ரஸாவின் பின்புறம் சிமெண்ட் தளம் போட்ட முற்றம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ அறுபது அடி நீளம், நாற்புறமும் சுவர், ஓரத்தில் ஒரு வேப்பமரம், தண்ணீர்க் குழாயும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை விழாவுக்குப் பந்தல் போடுவோம். மற்ற நாளெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடி ஓடு உடைந்தபோது, கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டியவர் யாரோ அல்லர், நாமேதான். சாவி அந்தப் பேருந்தில் நம் சட்டைப் பையில்தான் இருந்தது. இடம் தேடி இரண்டு மாவட்டம் சுற்றினோம். இடத்தின் சாவியைப் பையில் வைத்துக் கொண்டே சுற்றினோம்!

மறுவாரம் நிர்வாகக் குழுவில் பேச்செடுத்தோம். “மத்ரஸா முற்றம் விளையாட்டுத் திடலா, ஹஜரத்?” என்றார் ஒரு பெரியவர். பள்ளிவாசலிலேயே அபிசீனியர் விளையாடிய ஹதீஸைச் சொன்னோம். அவர் தலையசைத்தார். இன்னொருவர் கேட்டது கூர்மையானது. “நல்ல ஹதீஸ்தான். ஒரு பிள்ளை விழுந்து மண்டை உடைந்தால் யார் பொறுப்பு?” அறை அமைதியாயிற்று. அவர் கேட்டதில் தவறில்லை. ஊரில் திறந்த கதவுகள் பலவும் அந்த ஒரு கேள்வியால்தான் சாத்தப்படுகின்றன. “நாம் பொறுப்பு, விளையாடும் நேரம் முழுதும் நாமே அங்கே உட்கார்ந்திருப்போம்” என்றோம். சொன்னபின் நம் நெஞ்சு படபடத்தது என்பதை மறைப்பானேன்?

வாரத்தில் மூன்று நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கதவு திறக்கலாம் என்று முடிவாயிற்று. தலைக்கவசமும் காப்பும் இல்லாதவர் உள்ளே வரலாகாது. பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தனியே. பாங்கு சொன்னதும் சக்கரங்கள் நிற்க வேண்டும். மத்ரஸாப் பிள்ளைகள் மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தபோது, நமக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய அந்தத் தறிக்குழி அம்மா நினைவுக்கு வந்தார். “தெருப் பிள்ளைகள் எல்லாரும்” என்றோம். அதற்கு மறுப்பு வரவில்லை.

நாம் திறந்தது ஸ்கேட்டிங் திடல் அன்று. சரிவில்லை, விளிம்பில்லை, விளக்கும் போதாது. ஆனந்த்குமார்கள் இதில் உருவாகப் போவதில்லை. ஊராட்சிகளும் நகராட்சிகளும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஊர் தோறும் பள்ளிகளிலும் மத்ரஸாக்களிலும் மண்டபங்களிலும் பூட்டிக் கிடக்கும் முற்றங்கள் எத்தனை! திடல் கட்டப் பணம் வேண்டும். முற்றம் திறக்க, நாற்காலி போட்டு உட்கார ஒரு பெரியவர் போதும்.

முதல் நாள் மாலை, துடைப்பத்தால் தளத்தை நாமே பெருக்கினோம். பேத்தி பரண்மேலிருந்த காலணியை எடுத்து வந்தாள். கால் வளர்ந்திருந்தது, சற்றே இறுக்கம். பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் மூவர் ஒரு ஜோடிக் காலணியோடு வந்தார்கள். ஆளுக்கு ஒரு சுற்று. வேப்பமரத்தடி நாற்காலியில் நாம் தஸ்பீஹை உருட்டிக் கொண்டிருந்தோம். பேத்தி இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில், மரத்தின் பக்கம் திரும்புகையில் விழுந்தாள். நாம் பதறி எழுந்தோம். அவள் கையை ஊன்றவில்லை. முழங்கால் மடங்கி, காப்பு தேய்ந்து, முன்னால் சரிந்திருந்தாள். தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தாள்.

“நன்னா, பார்த்தீர்களா? விழுந்துவிட்டேன்!” என்றாள், தேர்வில் முதலிடம் பெற்றவளைப்போல.

அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்லி உட்கார்ந்தோம். மஃரிபுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.